வாசிக்காமலே செய்து முடிக்கக்கூடிய வாசிப்புச் செயல்பாடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் பாடநூலைத் தாண்டி எதையும் படிப்பதில்லை என்ற கவலை வாசகர் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. பழி பெரும்பாலும் கைபேசியின் மேல் விழுகிறது. கைபேசியை என்ன செய்வது என்பதில் வீடு, பள்ளி, பிள்ளை என மூன்று தரப்பும் சேர்ந்தாக வேண்டும். முழுக்கப் பள்ளியின் கையில் இருப்பது வேறொன்று. ஒரு கதையோ கட்டுரையோ வகுப்புக்குள் வந்தபின், அந்த 45 நிமிடப் பாடவேளையில் அதை வைத்து என்ன செய்கிறோம்? அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வாசிப்பில் ஆர்வம் வரட்டும் என்று இப்போது பல வகுப்புகளில் செயல்பாடுகள் நடக்கின்றன. கதாபாத்திரத்தைச் சார்ட்டில் வரைவது, புத்தகத்துக்குப் புதிய அட்டை தயாரிப்பது, கதை நடக்கும் இடத்தை அட்டையில் மாதிரியாகச் செய்வது எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள். கதையைப் படிக்காத மாணவர், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் கதையைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிட முடியுமா? முடியும் என்றால் அதில் வாசிப்பு இல்லை. இரண்டு பாடவேளை ஸ்கெட்ச் பேனாவுக்கும் பசைக்கும் போயிருக்கும். அந்த நேரத்தில் 30 பக்கம் படித்திருக்கலாம். நல்ல செயல்பாடு மாணவரைத் திரும்பத் திரும்பப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். "அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினால் வேலை நடக்கிறது என்று பொருள்.

படிக்கத் தொடங்குவதற்கு முந்தைய நேரத்தை முதலில் பார்ப்போம். அது பெரும்பாலும் எழுத்தாளர் குறிப்பில் கரைகிறது: பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வாங்கிய விருதுகள். இவற்றில் எதுவும் கதையின் முதல் பக்கத்தைப் புரியவைக்காது. புரியவைப்பது அந்தக் கதை நடக்கும் உலகத்தைப் பற்றிய அறிவு. அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதி கொடுக்கப்பட்டது. வாசிப்புத் திறன் குறைவாக இருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார்கள். கடலில் நடக்கும் கதை என்றால் படகின் பாகங்களையும் காற்றின் திசையையும் ஒரு படம் போட்டு ஐந்து நிமிடம் விளக்கிவிடுங்கள். விருதுப் பட்டியல் கடைசியில் வந்தால் போதும்.

அதன்பின் துண்டுச்சீட்டு. கதையிலிருந்து 10 வாக்கியங்களை அப்படியே எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு சீட்டுகளில் எழுதினால் 40 பேர் கொண்ட வகுப்புக்குச் சரியாக இருக்கும். மூன்று உரையாடல் வரிகள், ஒரு பொருளையோ இடத்தையோ கண்முன் நிறுத்தும் மூன்று வரிகள், ஒருவர் மனநிலையைச் சொல்லும் இரண்டு, ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு என்று கலந்து எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு. எழுந்து நடந்து, எதிரே வருபவருக்குத் தன் வரியைப் படித்துக் காட்டி, அவர் வரியைக் கேட்க வேண்டும். சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. எட்டு நிமிடத்தில் ஆறேழு பேரைச் சந்தித்துவிடலாம். பிறகு வெவ்வேறு வரி வைத்திருக்கும் நான்கு பேராக உட்கார்ந்து, கதை எதைப் பற்றியதாக இருக்கும் என்று ஐந்து வரி எழுத வேண்டும். ஒவ்வொரு ஊகத்துக்கும் "ஏனென்றால்" என்று ஒரு காரணம் கட்டாயம்.

இது இரண்டு இடங்களில் கெட்டுப்போகும். ஒன்று, முடிவைக் காட்டிக்கொடுக்கும் வரியை ஆசிரியர் சீட்டில் எழுதிவிடுவது. கடைசிப் பக்கங்களைத் தொடாமல் எடுத்தாலே இது தீர்ந்துவிடும். இரண்டாவது, ஊகங்களைக் கேட்டவுடன் "சரி", "தவறு" என்று சொல்லிவிடுவது. அதைச் சொன்ன நிமிடமே படிக்க வேண்டிய காரணம் போய்விடுகிறது. ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தன் கையிலிருக்கும் வரி எந்தப் பக்கத்தில் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே படிப்பார்கள். வந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது உரக்க வாசிப்பது. வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி படிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தன் முறை எப்போது வரும் என்று எண்ணிப் பார்த்து, தனக்குரிய பத்தியை மட்டும் மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதிலேயே மாணவரின் கவனம் போகிறது. அதற்கு முந்தைய பத்தியும் பிந்தைய பத்தியும் காதில் விழுவதில்லை. தடுமாறி வாசிப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் நாற்பது பேர் முன்னால் அவமானம். மற்றவர்கள் கேட்பதோ நிறுத்தற்குறி இல்லாத, உயிரில்லாத வாசிப்பு. முதல் இரண்டு பக்கத்தை ஆசிரியரே நன்றாக வாசித்துவிட்டு, அடுத்து என்ன என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, மீதியை மௌனமாகப் படிக்கவிடுவது மேல். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் கதையை வாசித்துக் காட்டலாம்; அவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

உரக்க வாசிக்கும் பயிற்சிக்கு நாடக வாசிப்பைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வேடம், மேடை, மனப்பாடம் எதுவும் தேவையில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு குரலால் மட்டும் நடிப்பது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் எஸ். ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதிய கட்டுரையில், 50 முதல் 200 சொற்கள் வரையுள்ள ஒரு சிறு பகுதியைச் சரளம் வரும்வரை மீண்டும் மீண்டும் வாசிக்கும் முறையை விளக்கினார். ஒரு பகுதியில் வந்த வேகம் அடுத்த புதிய பகுதிக்கும் ஓரளவு தொடர்கிறது என்பதே அதன் பயன். ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் "இதையே ஐந்து முறை படி" என்றால் படிக்கமாட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு முன் வாசிக்க வேண்டும் என்றால் சொல்லாமலே பத்து முறை படிப்பார்.

ஐந்து நாளில் இதைச் செய்யலாம். முதல் நாள், கதையில் உரையாடல் அதிகமுள்ள இரண்டு பக்கத்தைக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவுக்கு ஐந்து அல்லது ஆறு பேர். இரண்டாம் நாள் அதை வாசிப்புப் பிரதியாக எழுத வேண்டும். எழுத்தாளரின் சொற்களை மாற்றக் கூடாது. வெட்டலாம், பிரித்துக் கொடுக்கலாம். விவரிப்பு வரிகளை ஒரே கதைசொல்லிக்குக் கொடுக்காமல் இரண்டு மூன்று பேருக்குப் பங்கிட வேண்டும். உண்மையான வாசிப்பு நடப்பது இங்கேதான். "அவன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தால், இரண்டாவது வாக்கியம் யாருடைய குரல்? கதை சொல்பவருடையதா, அவனே நினைத்துக்கொள்வதா, அருகில் நிற்பவள் நினைப்பதா? இதைத் தீர்க்காமல் அந்த வரியை யாருக்கும் கொடுக்க முடியாது. தீர்ப்பதற்கு முந்தைய பக்கத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாம், நான்காம் நாள் ஒத்திகைக்குத் தலா 15 நிமிடம். முதல் ஒத்திகையில் ஆசிரியர் சொல்லக்கூடியது இரண்டே விஷயம்: எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும். உச்சரிப்புத் திருத்தங்களைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிடம்.

தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு "வணக்கம் ஐயா" என்ற ஒற்றை வரிப் பாத்திரத்தைக் கொடுத்து ஒதுக்கிவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அதிகப் பயிற்சி தேவைப்படுபவருக்கு மிகக் குறைந்த வரிகள் கிடைக்கின்றன. வரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே விதி வையுங்கள். தமிழில் இவர்கள் திணறுவது பெரும்பாலும் புணர்ந்து நீண்ட சொற்களில்தான். "வந்துகொண்டிருந்தபோதெல்லாம்" போன்ற சொல் வந்தால் பாதியில் மூச்சு நின்றுவிடும். பிரதியில் பென்சிலால் வந்து / கொண்டிருந்த / போதெல்லாம் என்று கோடு போட்டுக் கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் அந்தக் கோடுகளைத் தாங்களே போடக் கற்றுக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் கோடு தேவைப்படும் இடங்கள் குறையும்.

இனி நீளமான புத்தகங்கள். வகுப்பு முழுவதும் ஒரே நாவலை ஆறு வாரம் இழுப்பதற்குப் பதிலாக, ஐந்து புத்தகங்களை வைத்துச் சிறு வாசிப்புக் குழுக்கள் அமைக்கலாம். இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ். அவருடைய நூல் 1994இல் வந்தது. ஐந்து புத்தகங்களையும் ஆசிரியர் தலா இரண்டு நிமிடம் அறிமுகப்படுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகங்கள் கைமாறி எல்லாரிடமும் போய்வரட்டும். ஒவ்வொருவரும் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றை வைத்து ஆசிரியர் நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட குழுக்கள் போட வேண்டும். விரும்பிக் கேட்பவர்கள் அதிகமுள்ள புத்தகத்துக்கு இரண்டு குழுக்கள் அமைத்துக்கொள்ளலாம். ஆறு பேரைத் தாண்டினால் கட்டாயம் இரண்டு பேர் வாய் திறக்கமாட்டார்கள். மூன்று பேர் என்றால், ஒருவர் விடுப்பு எடுத்த நாளில் குழுவே இல்லை.

120 பக்கப் புத்தகத்தை நான்கு சந்திப்பாகப் பிரித்தால் சந்திப்புக்கு 30 பக்கம். எந்தப் பக்கம் வரை என்பதைக் குழுவே அத்தியாய எல்லை பார்த்து முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். சந்திப்பு 20 முதல் 25 நிமிடம். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு பொறுப்பு இருந்தால் பேச்சு ஓடும்: ஒருவர் கேள்விகள் கொண்டுவருவார், ஒருவர் நின்று பார்க்க வேண்டிய மூன்று பகுதிகளைக் குறித்துவருவார், ஒருவர் அரிய சொற்களையும் குழப்பமான இடங்களையும் பட்டியலிடுவார், ஒருவர் இதை வேறு கதையோடோ செய்தியோடோ இணைப்பார். கவனமாக இருக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். பொறுப்புத் தாளை ஆண்டு முழுவதும் நிரப்பச் சொன்னால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடுகிறது. வரிசையாகத் தாளைப் படித்துவிட்டு எட்டாவது நிமிடத்தில் "முடிஞ்சுது சார்" என்று எழுந்துவிடுவார்கள். இந்தத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடும் ஆபத்தை டேனியல்ஸே பின்னாளில் எச்சரித்தார். இரண்டு மூன்று சந்திப்பு முடிந்ததும் தாளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் படிக்கும்போதே புத்தகத்தில் செருகிவைக்க விரலளவு காகிதத் துண்டுகள் ஆளுக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் பக்க எண்ணும், ஒரு சந்தேகமோ கோபமோ வியப்போ ஒரு வரியும் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுத்தாக வேண்டும். "அவன் பெயர் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடைத்துவிடும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மூன்று வகையைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். ஒரே வரியில் விடை இருக்கும் கேள்வி, பல பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும் கேள்வி, பக்கத்தில் இருப்பதையும் நமக்குத் தெரிந்ததையும் சேர்த்தால்தான் விடை சொல்ல முடிகிற கேள்வி. குழுவுக்குக் கொண்டுவருபவை பின்னிரண்டு வகையாக இருக்க வேண்டும். "அம்மா அந்தக் கடிதத்தை ஏன் எரிக்காமல் வைத்திருந்தாள்?" என்று ஒருவர் கேட்டால் பத்து நிமிடம் போவதே தெரியாது.

படிக்காமல் வருபவரை என்ன செய்வது என்று எல்லா ஆசிரியர்களும் கேட்பார்கள். திட்டி வெளியே நிறுத்தினால் அவர் அன்றும் படிக்கமாட்டார். சும்மா குழுவில் உட்காரவைத்தால் மற்றவர்கள் கதையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சந்திப்பு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து விட்ட பக்கங்களைப் படிக்கவைத்து, முடித்ததும் குழுவில் சேர்த்துக்கொள்வதே சரி. நண்பர்கள் சிரித்துப் பேசும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை பெரும்பாலும் படித்துவிட்டே வருவார்.

கதாபாத்திரத்தை விசாரணைக் கூண்டில் நிறுத்தும் வழக்காடல் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. அதற்கு ஒரே ஒரு விதி முக்கியம்: பக்க எண் சொல்லாத வாதம் பதிவாகாது. குற்றம்சாட்டும் தரப்பில் நால்வர், எதிர்த்தரப்பில் நால்வர், கதாபாத்திரங்களாக வரும் சாட்சிகள் நால்வர், நீதிபதி ஒருவர். மீதிப் பேர் அனைவரும் நடுவர்கள். ஒவ்வொருவரும் தம் தீர்ப்பை இரண்டு பக்க எண்களோடு நூறு சொற்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து வேலை இல்லாவிட்டால் 27 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பக்க எண் விதி இல்லாவிட்டால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குபவர் புத்தகத்தைத் திறக்காமலே ஜெயித்துவிடுவார்.

கதாபாத்திரத்தின் நாட்குறிப்பு எழுதச் சொல்வதும் நல்ல பயிற்சிதான், இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுத்தால். "அவளுடைய நாட்குறிப்பை எழுது" என்று பொதுவாகச் சொன்னால் "இன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது" என்ற வரியோடு எல்லாத் தாளும் ஒரே மாதிரி வரும். எழுத்தாளர் சொல்லாமல் தாண்டிப்போன ஓர் இடைவெளியைக் காட்டுங்கள். மூன்றாம் அத்தியாயம் மாலையில் முடிந்து நான்காம் அத்தியாயம் மறுநாள் காலையில் தொடங்குகிறதா? நடுவில் உள்ள அந்த இரவை 150 சொற்களில் எழுதட்டும். கதையில் உள்ள மூன்று விவரங்கள் அதில் வர வேண்டும். பின்னால் வரும் எதற்கும் அது முரணாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்காக நான்காம் அத்தியாயத்தை வரிவரியாகப் படித்தே தீர வேண்டும்.

பக்கத்தின் நகலில் சில சொற்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கறுப்பு மையால் மறைத்துக் கவிதை செய்யும் பயிற்சியைப் பல ஆசிரியர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு முயன்று, வராமல் கைவிட்டிருப்பார்கள். நம் மொழியில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டியே இருப்பதால், பொறுக்கிய சொற்கள் ஒன்றோடொன்று சேராமல் முறுக்கிக்கொள்ளும். சொல்லின் பின்பகுதியை மட்டும் மறைக்கவும் அனுமதி கொடுத்தால் சிக்கல் பெருமளவு தீரும்: "மரத்தின்மேல்" என்பதில் "மரத்தின்" வரை வைத்துக்கொள்ளலாம். முதலில் பென்சிலால் 15 முதல் 25 சொற்கள் வரை கட்டம் போட்டு, உரக்கப் படித்துப் பார்த்து, சரியாக வந்த பிறகே மை. மையை முதலில் எடுத்தவர்களுக்கு இரண்டாவது நகல் தேவைப்படும். ஆகவே நகல்களில் பத்து கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. கவிதைக்குக் கீழே, இந்தப் பக்கத்தில் எதைப் பிடித்துக்கொண்டேன் என்று நான்கு வரி எழுத வேண்டும். அந்த நான்கு வரி இல்லாவிட்டால் இதுவும் முதலில் சொன்ன சார்ட் வேலைதான்.

கதை அல்லாத பகுதிகளுக்கு, அதாவது அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகளுக்கு, வேறு இரண்டு முறைகள் பொருந்தும். ஒன்று, சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், இன அடிப்படையில் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது மாணவரிடையே இருந்த பகையைக் குறைக்க உருவாக்கியது. கட்டுரையை ஐந்து பகுதியாக வெட்டி, ஐவர் குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் தனியாகப் படிப்பு. பன்னிரண்டு நிமிடம் அதே பகுதியைப் படித்த பிற குழுவினரோடு கலந்து பேசுதல். பதினைந்து நிமிடம் சொந்தக் குழுவுக்குத் திரும்பிக் கற்பித்தல். மீதி எட்டு நிமிடம் முழுக் கட்டுரையிலிருந்தும் சிறு தேர்வு. 40 பேர் வகுப்பில் ஒரே பகுதியைப் படித்தவர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களை நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள். முந்தைய பகுதி தெரியாமல் புரியாத பகுதியாக வெட்டினால் முறையே குலைந்துவிடும். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தத் தவறு குழு முழுவதற்கும் பரவும் என்பதால், அந்தப் பன்னிரண்டு நிமிடமும் ஆசிரியர் குழுக்களின் நடுவேதான் இருக்க வேண்டும்.

மற்றொன்று அன்னமேரி பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984இல் விளக்கிய முறை. நால்வர் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, ஒருவர் சுருக்கிச் சொல்வார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்குவார், ஒருவர் அடுத்த பத்தி எதைச் சொல்லும் என்று ஊகிப்பார். அடுத்த பத்திக்குப் பொறுப்புகள் மாறும். எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், பொருள் மட்டும் பிடிபடாது என்ற நிலையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அவர்கள் சோதித்தார்கள். முதல் சில நாட்கள் ஆசிரியரே நான்கையும் செய்து காட்ட வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு நேரே குழுவில் விட்டால் "இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது" என்பதே சுருக்கமாக வரும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், விருப்பப்பட்ட புத்தகத்தைச் சும்மா படிக்கும் நேரம் இருக்க வேண்டும். வாரம் மூன்று நாள், 15 நிமிடம். வழிகாட்டல் இல்லாத மௌன வாசிப்பு மட்டும் வாசிப்புத் திறனை வளர்க்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என, வாசிப்பு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு (National Reading Panel) 2000ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இந்த நேரத்தையே வெட்டிவிட்ட பள்ளிகள் உண்டு. அறிக்கை சொன்னது சான்று போதவில்லை என்பதைத்தான். குறை, அந்த நேரத்தில் ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பதில் இருக்கிறது. நாளுக்கு நான்கைந்து பேரின் அருகில் போய், ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினால் மூன்று வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். "எந்த இடத்தில் இருக்கிறாய்? இந்தப் பக்கத்தில் ஒரு பத்தியைப் படித்துக் காட்டு. அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" இவ்வளவு போதும். நாள்தோறும் புத்தகத்தை மாற்றுபவர், பக்கம் திருப்பாமல் வைத்திருப்பவர் யார் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் புத்தகம் அவருக்குக் கடினமாக இருக்கும், அல்லது வேறு யாரோ நல்லது என்று சொல்லித் திணித்ததாக இருக்கும். இருபது பக்கத்துக்கு மேல் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாம் என்ற உரிமையைக் கொடுங்கள். படக்கதை, விளையாட்டு, வாழ்க்கை வரலாறு, அறிவியல் எல்லாம் அலமாரியில் இருக்கட்டும். படக்கதை வாசிப்பில் சேராது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வாசிப்புப் பதிவேட்டில் பக்க எண்ணிக்கை எழுதிப் பெற்றோர் கையொப்பம் வாங்கிவரச் சொல்வது பொய் எழுதும் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது. வாரம் ஒருமுறை, படித்ததில் ஒரு வரியை அப்படியே எழுதி, அதை ஏன் எடுத்தேன் என்று மூன்று வரி எழுதினால் போதும். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பத்தில் ஆறு கதையிலிருந்து காட்டிய சான்றுக்கு; மூன்று அந்தச் சான்றிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்பதற்கு; ஒன்று தோற்றத்துக்கு. இப்போது பல இடங்களில் இது தலைகீழாக இருப்பதால்தான் ஓவியம் நன்றாக வரும் பிள்ளைகள் வாசிப்பில் சிறந்தவர்களாகத் தெரிகிறார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்பார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையும் அந்தப் பதினைந்து நிமிடங்களும்தான் இதற்குத் தேவை. நாடக வாசிப்போ வாசிப்புக் குழுவோ நடக்கும் வாரங்களில் மட்டும் இன்னும் சிறிது கூடும். மாதத்துக்கு ஒரு செயல்பாடு என்று எடுத்து, அதையே இரண்டு மூன்று முறை செய்வது, வாரம் ஒரு புதுமை காட்டுவதைவிடப் பலன் தரும். முதல் முறை விதிகளைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் போய்விடும். இரண்டாம் முறைதான் கவனம் கதைக்கு வரும்.

பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் நூல் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடமும் இந்தக் கடிதம் வழியாக ஒரு வேண்டுகோள். நூலகத்துக்கு வாங்கும்போது முப்பது தலைப்பில் ஒவ்வொரு பிரதி என்று மட்டும் வாங்காதீர்கள். ஐந்து தலைப்புகளையாவது, 100 முதல் 150 பக்கத்துக்குள் உள்ளவையாகப் பார்த்து, தலா எட்டு முதல் பத்துப் பிரதிகள் வாங்குங்கள். ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஐந்து பேர் குழுவாக வாசிக்க முடியாது. எந்தத் தலைப்பு என்பதை அந்தப் பிள்ளைகளிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் நாளிதழும் மாணவர் பக்கத்தில் வாரம் ஒருமுறை, பின்னால் கேள்வி பதில் ஏதும் இல்லாமல், 500 சொற்களில் ஒரு நல்ல கதையையோ கட்டுரையையோ ஒரே பக்கத்தில் அச்சிட்டால், நகலெடுத்து மறுநாளே வகுப்பில் துண்டுச்சீட்டு வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உயர்நிலை வகுப்புகளின் மொழிப்பாட ஆசிரியர் ஒருவர்